சைட்டில் தேங்கிய சேற்றுத் தண்ணீரை ராஜகாலுவேயில் இறைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கேள்வி: மேடம், எனக்குச் சொந்த ஊர் செங்கம் பக்கம். இரண்டு வருடமாகப் பெங்களூரு வர்த்தூரில் ஒரு அபார்ட்மென்ட் சைட்டில் இன்ஜினியராக இருக்கிறேன். ஒன்றரை ஏக்கர் இடம், இரண்டு பேஸ்மென்ட். இருபது அடி தோண்டியாகிவிட்டது. போன மாதம் ராத்திரி பெய்த மழையில் குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. காலையில் மேனேஜர் சொன்னபடி மூன்று மட் பம்ப் போட்டு, பின்பக்கம் ஓடும் ராஜகாலுவேயில், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாயில், இறைத்தோம். கால்வாய் முழுக்க டீ கலரில் ஓடியது. பக்கத்து லேஅவுட்காரர்கள் வீடியோ எடுத்துப் புகார் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சியிலிருந்து வந்து பார்த்து நோட்டீஸ் கொடுத்துப் போனார்கள். மேனேஜரோ, 'கெமிக்கலா கலந்தோம்? வெறும் மண்தானே. பச்சை வலை கட்டி போட்டோ எடுத்து அனுப்பு. அடுத்த தடவை ராத்திரியில் இறைத்துக்கொள்ளலாம்' என்கிறார். மண் கலந்த மழைத்தண்ணீர் நிஜமாகவே மாசுதானா? செப்டம்பர் மழைக்கு முன்னால் என்ன செய்யலாம்? ராத்திரியில் இறைக்கச் சொன்னால் நான் என்ன செய்வது? என் பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், மாசுதான். கட்டுமான இடத்திலிருந்து வெளியே போகிற மாசுகளில் அளவில் மிகப் பெரியது மண்தான். சிமெண்ட், டீசல், பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். வயலிலிருந்து அரித்துப் போகிற மண்ணைப்போலப் பத்து முதல் இருபது மடங்கு வரை கட்டுமான இடத்திலிருந்து போகும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. வயலில் பயிர் இருக்கிறது, வேர் இருக்கிறது, வரப்பு இருக்கிறது. நம் சைட்டில் மேல் மண்ணை வழித்தெடுத்து, ஜேசிபி ஓட்டி, தூளாக்கி வைத்திருக்கிறோம். ஒரு மழை போதும்.

நீங்கள் செங்கம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சைட்டுக்குப் பின்னால் ஓடும் ராஜகாலுவே வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. வர்த்தூர் நிரம்பினால் தண்ணீர் தட்சிண பினாகினியில் சேரும். கர்நாடகத்தில்தான் அதற்கு அந்தப் பெயர். ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் அதுதான் நம் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி அணை, அப்புறம் உங்கள் ஊர்ப் பக்கத்துச் சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர். நீங்கள் பம்ப் சுவிட்சைப் போடுகிற இடமும் உங்கள் ஊர் அணையும் ஒரே ஆற்றின் பாதையில் இருக்கின்றன.

குழியிலிருந்து போன மண் அத்தனையும் சாத்தனூருக்கு வந்து சேராது. அது எங்கெங்கே நிற்கிறது என்று புரிந்துகொண்டால் சைட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும். நம்முடைய செம்மண்ணில் மணல் இருக்கிறது, வண்டல் இருக்கிறது, களி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள மணல் துகள், அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். நூறில் ஒரு பங்கு உள்ள வண்டல் துகளுக்கு மூன்று மணி நேரம் ஆகும். களித் துகளில் பெரியதுக்கே மூன்று நாள் ஆகும். அதைவிடப் பொடியான களி இறங்கவே இறங்காது. துகள் பத்து மடங்கு சிறுத்தால் இறங்க நூறு மடங்கு நேரம் பிடிக்கும், அதுதான் கணக்கு.

அதனால் மணல் உங்கள் சைட்டைத் தாண்டியதும் ராஜகாலுவேயிலேயே படிந்துவிடும். வண்டல் ஏரி வரை போய் அங்கே தங்கும். களி ஏரியையும் தாண்டி ஆற்றோடு போகும். மூன்று இடத்திலும் கேடு வேறு வேறு.

கால்வாயில் படிகிற மணலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். இரண்டரை யூனிட் மண், அதாவது 250 கன அடி, நாலடி அகலக் கால்வாயில் ஓரடி உயரத்துக்குப் படிந்தால் அறுபதடி நீளத்துக்கு மேல் அடைத்துவிடும். மூன்றடி ஆழக் கால்வாயில் ஓரடி போய்விட்டால் வெள்ளம் போகிற அளவில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 2022 செப்டம்பரில் பெங்களூருவில் ஒரே நாளில் 130 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து, அவுட்டர் ரிங் ரோடும் ஏமலூரும் மூழ்கி, ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஏரிகளை இணைக்கிற கால்வாய்கள் குறுகிப்போனதும், அடைபட்டதும், மேலேயே கட்டடம் எழுந்ததும் சேர்ந்துதான் அதைச் செய்தன. அந்த அடைப்பில் கட்டுமான மண்ணுக்கும் பங்கு உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் வருடக்கணக்காகத் தூர் வாரியிருக்கிறார்கள். அதுவும் நாம் எல்லோரும் வரிப்பணம் கட்டி, நாமே அனுப்பிய மண்ணைத் திரும்ப அள்ளுகிற வேலை. களியோ, தண்ணீருக்குள் வெளிச்சத்தை மறைத்துவிடும், மீனின் செவுளில் ஒட்டும். பாஸ்பரஸும் பூச்சிமருந்தும் அதில் ஒட்டிக்கொண்டு பயணம் போகும்.

நானும் ராத்திரியில் இறைத்தவள்தான், தம்பி. பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும், சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு சைட். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மேலே இருந்தவர் சொன்னார், நான் பம்ப் போட்டேன். பகலில் போட்டால்தானே பிரச்சினை, ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினோம். கால்வாய் ஏற்கெனவே மண்ணேறிக் கிடந்தது எனக்குத் தெரியாது, போய்ப் பார்க்கவும் இல்லை. கீழே தாழ்வான ஒரு வட்டாரத்தில் தர்மபுரிக்காரர்கள் நிறையப் பேர் வாடகைக்கு இருந்தார்கள். அதில் ஒரு குடும்பம் இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைத்தது. காலையில் அந்த அம்மா சைட் கேட்டுக்கு வந்து, என்னைத் தமிழில் கூப்பிட்டு, 'வந்து பாரும்மா' என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். தரையில் கணுக்கால் அளவு செஞ்சேறு. இரண்டு கிரைண்டரின் மோட்டாருக்குள்ளும் சேறு. ஊறப்போட்ட அரிசி அண்டாவில் மேலாக ஒரு சிவப்பு ஏடு. திட்டவில்லை அவர். மோட்டாரைச் சரிசெய்து கொடுத்தோம். ஆனால் அன்றைக்கு மாவு வாங்க வந்து திரும்பிப் போனவர்களுக்கு அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரியில் இறைப்பதில் பெரிய ஆபத்து இதுதான். கீழே என்ன ஆகிறது என்று பார்க்கிற கண் யாருக்கும் இருக்காது, எச்சரிக்கிற ஆளும் தூங்கிக்கொண்டிருப்பார்.

சரி, வேலைக்கு வருவோம். செப்டம்பர்தான் இந்த ஊரில் அதிகம் மழை பெய்கிற மாதம், அக்டோபரும் விடாது. அதற்கு முன்னால் செய்யக்கூடியவை இருக்கின்றன. எதிலும் பெரிய செலவு கிடையாது. ஆனால் எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். கலங்கிய தண்ணீரைத் தெளியவைப்பது கஷ்டமான வேலை. கலங்காமல் பார்த்துக்கொள்வது சுலபம். நிறைய சைட்டில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லா மண்ணையும் கலங்கவிட்டுவிட்டு, வாசலில் ஒரு வலையைக் கட்டி நிறுத்தப் பார்க்கிறார்கள்.

முதலில் ஒரு மழை நாளில் குடையை எடுத்துக்கொண்டு சைட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிறது என்று பாருங்கள். வர்த்தூர் பக்கம் நிலம் ஏரியை நோக்கிச் சரிந்துதான் கிடக்கிறது. மேட்டுப் பக்கத்து ரோடு, பக்கத்துக் காலி மனை, எதிர்வீட்டு மொட்டைமாடிக் குழாய் என்று வெளித்தண்ணீர் உங்கள் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அது தெளிந்த தண்ணீர். உங்கள் மண்ணைத் தொட்டதும் கலங்குகிறது. மேட்டுப் பக்க எல்லையில் ஓரடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, சரிவான இடத்தில் சைஸ் கல் பாவி, அந்தத் தண்ணீரைச் சைட்டுக்குள் விடாமல் சுற்றி அனுப்பிவிடுங்கள். இந்த ஒரு வேலைக்கே உங்கள் பம்ப் செலவு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து மேனேஜருக்கே ஆச்சரியமாக இருக்கும். குழியின் விளிம்பைச் சுற்றியும் ஒரு சின்னக் கரை போட்டுவிடுங்கள், மேல்தளத்துத் தண்ணீர் குழிக்குள் வழியாது. தோண்டிய விளிம்பு பாரத்தில் சரிந்துவிடாதபடி கரையைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்.

அடுத்தது மண் குவியல். உங்கள் சைட்டைப் பார்க்காமலே சொல்கிறேன், குவியல் பின்பக்கம் ராஜகாலுவே ஓரம்தான் இருக்கும். ஏனென்றால் முன்பக்கம் லாரி வர வேண்டும், எல்லோரும் பின்னால்தான் கொட்டுவார்கள். அதைக் கால்வாயிலிருந்து எவ்வளவு தூரம் நகர்த்த முடியுமோ நகர்த்துங்கள். திரும்ப நிரப்பத் தேவையில்லாத மண்ணை மழைக்கு முன்பே அனுமதிபெற்ற இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். வைத்திருக்க வேண்டியதைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். காற்றில் பறக்காதபடி ஓரத்தில் மூட்டை வைத்துக் கட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதம் கிடக்கப்போகிற குவியல் என்றால் அதன் மேல் கொள்ளு விதைத்துவிடச் சொல்வேன். ஒரு மழை விழுந்தால் சீக்கிரம் முளைத்துப் படரும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கன்னடக்காரர்கள் ஹுரளி என்பார்கள், எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். முளைக்கிற வரை ராகி வைக்கோலைப் பரப்பி வையுங்கள். செங்குத்தான சரிவு இருந்தால் தென்னை நார்ப் பாய் விரித்து முளைக்குச்சி அடிக்கலாம். மேல் மண்ணைத் தனியாகக் குவித்து வைத்தால் பின்னால் தோட்டத்துக்கு ஆகும்.

பச்சை வலை பற்றி எழுதியிருந்தீர்கள். செடிக்கு நிழல் கட்டுகிற வலை அது. தூசியைக் கொஞ்சம் தடுக்கும். சேற்றுத் தண்ணீர் அதற்குள் புகுந்து அப்படியே போய்விடும், அடியில் இடைவெளி இருந்தால் கேட்கவே வேண்டாம். வண்டலைத் தடுக்க வேண்டும் என்றால் தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணி வேண்டும். முழங்காலுக்கு மேல் உயரத்துக்குக் கட்டி, அடிப்பக்கத்தை அரையடி பள்ளம் தோண்டிப் புதைத்து மண் மிதித்துவிட வேண்டும். புதைக்காமல் கட்டினால் அது திரைச்சீலைதான். அதுவும் பரவலாகச் சரிந்து வருகிற தண்ணீருக்கு மட்டுமே. ஓடுகிற வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டினால் முதல் மழையிலேயே பிய்த்துக்கொண்டு போகும். வாய்க்காலுக்குக் குறுக்கே நாற்பது எம்.எம். ஜல்லியைச் சின்ன அணைபோலப் போட்டு, நடுவைத் தாழ்த்தி விடுங்கள். எம்-சாண்ட் நிரப்பிய மூட்டை வேண்டாம். வெயிலில் சாக்கு இற்றுப் பிய்ந்தால் அந்த மணலும் கால்வாய்க்குத்தான் போகும்.

இப்போது குழித் தண்ணீர். உங்கள் பிரச்சினையின் மையம் இதுதான், இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றரை ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய மூன்று லட்சம் லிட்டர். ஆறாயிரம் லிட்டர் டேங்கரில் ஐம்பது லோடு. பெங்களூருவில் தண்ணீர்ப் பஞ்சம் வந்த 2024 மார்ச்சில், குடிநீரைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அந்தக் கோடையில் டேங்கருக்காகத் தவம் கிடந்த அதே ஆட்கள்தான் மழைக்காலத்தில் ஐம்பது லோடு தண்ணீரைக் காசு கொடுத்து டீசல் ஊற்றி வெளியே தள்ளுகிறார்கள். தெளியவைத்தால் தூசி அடக்க ரோட்டில் தெளிக்கலாம், லாரி டயர் கழுவலாம், சோதித்துப் பார்த்து, கான்கிரீட்டை நனைத்துவைக்கிற கியூரிங்குக்கும் எடுத்துக்கொள்ளலாம். மேனேஜரிடம் பேசும்போது இந்தக் கணக்கை முதலில் எடுத்து வையுங்கள்.

மட் பம்ப்பைக் குழியின் அடியில் சேற்றிலேயே உட்காரவைத்து இறைப்பதுதான் டீ கலருக்கு முதல் காரணம். குழியின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் வந்து சேர நாலடி ஆழத்துக்கு ஒரு சின்னப் பள்ளம், அதாவது சம்ப், தோண்டுங்கள். பழைய இருநூறு லிட்டர் டிரம்மில் சுற்றிலும் துளை போட்டு உள்ளே இறக்கி, டிரம்மைச் சுற்றி இருபது எம்.எம். ஜல்லி நிரப்புங்கள். பம்ப் டிரம்முக்குள் இருக்கட்டும். மழை நின்றதும் இறைக்கத் தொடங்காதீர்கள், ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மணலும் பெரிய வண்டலும் குழிக்குள்ளேயே படிந்துவிடும். அப்புறம் மேல்தண்ணீரை எடுக்க வேண்டும், உறிஞ்சு குழாயின் வாயை ஒரு காலி கேனில் கட்டி மிதக்கவிட்டால் போதும்.

மூன்று பம்ப்புக்குப் பதில் ஒரு பம்ப் போடுங்கள். ஒரு பகல் முழுக்க ஓடட்டும். இதில் தண்ணீரின் தெளிவு மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. இருபதடிக் குழியில் நின்ற தண்ணீரைச் சட்டென்று வற்றடித்தால், பக்கச் சுவருக்குள் ஊறிய தண்ணீர் வெளியே வர நேரம் இருக்காது. அது உள்ளிருந்து தள்ளும், சுவர் சரியும். ஊற்றுபோலப் பக்கத்திலிருந்து சேறு கசிவதைப் பார்த்தால் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியிலிருந்து மண் வந்துகொண்டிருக்கலாம், உடனே பம்ப்பை நிறுத்திவிட்டு ஆட்களை மேலே ஏற்றுங்கள்.

இறைக்கிற தண்ணீர் நேரே கால்வாய்க்குப் போகக் கூடாது, இடையில் ஒரு படிவுத் தொட்டி வேண்டும். நொடிக்குப் பத்து லிட்டர் இறைக்கிற ஒரு பம்ப்புக்கு முப்பதடிக்குப் பத்தடி பரப்புள்ள தொட்டி இருந்தால் வண்டலில் பெரும்பகுதி நின்றுவிடும். இதில் ஆழத்தைவிடப் பரப்பு முக்கியம். தண்ணீர் ஒரு முனையில் மெதுவாக இறங்கி, மறுமுனையில் மேலாக வழிய வேண்டும். குழாயைத் தொட்டிக்குள் செங்குத்தாக விட்டு அடியைக் கலக்காதீர்கள். முனையில் ஒரு கல் பலகை வைத்தால் வேகம் தணியும்.

மழைத்தண்ணீருக்கான பெரிய தொட்டியை எவ்வளவு பெரிதாகப் போடுவது என்று கேட்டால், ஏக்கருக்கு 3,600 கன அடி என்பது பழக்கத்தில் உள்ள ஒரு கணக்கு. ஒரு அங்குல மழையை முழுதாகப் பிடிக்கிற அளவு. உங்களுக்கு 5,400 கன அடி, நாற்பத்தைந்துக்கு இருபதுக்கு ஆறடி. நெருக்கடியான சைட்டில் இதற்கு எங்கே இடம் என்பார்கள். எப்படியும் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியும் மழைநீர் சம்ப்பும் கட்டத்தானே போகிறீர்கள்? அதில் தாழ்வான மூலையில் வருவதை முதலில் தோண்டச் சொல்லுங்கள். மழைக்காலம் முழுக்க அது மண் பிடிக்கிற தொட்டியாக இருக்கட்டும். கான்கிரீட் போடுகிற நேரம் வந்தால் வாரிச் சுத்தம் செய்துகொள்ளலாம். புதிதாக இடமும் வேண்டாம், தனியாகச் செலவும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு மண் ஏறியதும் வாரிவிட வேண்டும், அதற்குத் தொட்டிச் சுவரில் பெயின்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

அந்தத் தொட்டியைச் சுற்றி வேலி போடாமல் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். லேபர் ஷெட்டில் குழந்தைகள் இருப்பார்கள். ராய்ச்சூரிலிருந்தும் பீகாரிலிருந்தும் குடும்பத்தோடு வந்திருப்பார்கள், அம்மா கல் தூக்கப் போனால் பிள்ளைகள் சைட்டில்தான் விளையாடும். இடுப்பளவு தகரம் போதாது. நல்ல உயரத்துக்குத் தகரம் அடித்து, பூட்டுள்ள கதவு வையுங்கள். உள்ளே ஏறிவர ஒரு ஏணியும், கயிறு கட்டிய டியூபும் தொங்கட்டும்.

இவ்வளவு செய்தும் களி தண்ணீரில் இறங்காமல் மிதந்துகொண்டிருக்கும். ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து ஜன்னலில் வையுங்கள். மறுநாளும் கலங்கலாகவே இருந்தால் அது களி. ஊரில் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்ததைப் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். பொடித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்குகிற வேலை அது. பெரிதானால் கனக்கும், இறங்கும். சைட்டில் அந்த வேலையைப் படிகாரம் செய்யும். ஆனால் குத்துமதிப்பாக மூட்டையைக் கொட்டாதீர்கள். பத்து கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். ஐந்து பாட்டிலில் ஒவ்வொரு லிட்டர் தொட்டித் தண்ணீர் எடுத்து, ஊசி போடுகிற சிரிஞ்சால் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து மில்லி விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாக, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரைமணி நேரம் வையுங்கள். எது குறைந்த அளவில் தெளிகிறதோ அதுதான் உங்கள் கணக்கு. நான்கு மில்லியில் தெளிந்தால் ஐம்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு இரண்டு கிலோ படிகாரம். ஒவ்வொரு மழைக்கும் மண் மாறும், ஒவ்வொரு முறையும் பாட்டில் வைத்துப் பாருங்கள். படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும், அந்தப் புளிப்பைக் காட்டுகிற பி.எச். தாள் வைத்து 6.5-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியில் படிகிற சேற்றை உலர்த்தி மண்ணோடு அனுப்ப வேண்டும், கால்வாயில் தள்ளக் கூடாது.

கலங்கல் தண்ணீரைப் பழைய வறண்ட போர்வெல்லில் விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்கவே கேட்காதீர்கள். நிலத்தடி நீரின் ஊற்றுக்கண்ணைச் சேற்றால் அடைக்கிற வேலை அது. மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் அதே விதிதான், கட்டடம் முடிந்து தரை சுத்தமாகிற வரை அதன் வாயை மூடி வையுங்கள்.

சிமெண்ட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்.எம்.சி. லாரியின், அதாவது கலந்த கான்கிரீட் கொண்டுவரும் லாரியின், சட்டியைக் கழுவுகிற தண்ணீரின் பி.எச். பன்னிரண்டைத் தாண்டும், தோல் வெந்துபோகும், மீன் உடனே சாகும். அதை மண் தண்ணீரோடு கலக்கவே விடக் கூடாது. தடித்த பிளாஸ்டிக் விரித்த ஒரு தனிக் குழியில் கழுவட்டும், காய்ந்ததும் கட்டியாக உடைத்து எடுத்துவிடலாம். கேட்டில் நாற்பது எம்.எம். ஜல்லியை முக்காலடி தடிமனுக்குப் பரப்புங்கள், டயர் மண் அங்கேயே உதிரும். ரோட்டில் விழுந்ததைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம், சுரண்டிக் கூட்டி அள்ளச் சொல்லுங்கள். டீசல் டிரம்முக்கு அடியில் தட்டு வையுங்கள். லேபர் ஷெட் கழிவறைக் குழாய் எங்கே போகிறது என்று நீங்களே போய்ப் பாருங்கள், நிறைய இடத்தில் அதுவும் ராஜகாலுவேதான்.

மூன்றாவது கேள்வி. 'வெறும் மண்தானே' என்கிறவருக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1974-ம் வருட நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு, மாசுபடுத்தும் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ விடுவதைத் தடுக்கிறது. நீரோட்டத்தை அடைத்து மாசைப் பெரிதாக்கக்கூடிய எந்தப் பொருளையும் சேர்த்தே சொல்கிறது. உள்நாட்டு நீர்நிலையில் விடுகிற கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பி.எச். 5.5-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் பொது அளவுகோல். டீ கலரில் ஓடிய தண்ணீர் ஆயிரக்கணக்கில் காட்டியிருக்கும். கட்டடக் கழிவு வடிகாலை அடைக்கக் கூடாது என்பது 2016-ல் வந்த கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. மொத்தக் கட்டடப் பரப்பை நீங்கள் எழுதவில்லை. இருபதாயிரம் சதுர மீட்டரோ அதற்கு மேலோ என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தை ஆபீஸில் கேட்டு வாங்கி, மண், மழைநீர் பற்றிய நிபந்தனைகளை ஒருமுறை படியுங்கள்.

மேனேஜரைக் குற்றவாளியாக நிறுத்திப் பேசாதீர்கள். அவருக்கும் மேலே ஒருவர் தேதி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு பக்கத்தில் ஒரு படம் வரையுங்கள்: மேட்டு வாய்க்கால், குவியல், சம்ப், தொட்டி, வெளியேறும் இடம். பக்கத்தில் செலவையும் மிச்சமாகும் டேங்கரையும் எழுதுங்கள். பக்கச் சுவர் சரிகிற ஆபத்தைச் சிவப்பில் எழுதுங்கள். அதை மெயிலில் அனுப்புங்கள். வாயால் மட்டும் சொன்னால் நாளைக்கு 'இன்ஜினியர்தான் பம்ப் போட்டார்' என்று பழி உங்கள் மேல் விழும், எனக்கு விழுந்தது. ராத்திரியில் இறைக்கச் சொல்லி உத்தரவு வந்தால், 'எழுதிக் கொடுங்கள் சார், செய்கிறேன்' என்றுகூடச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்தாலும் செய்யக் கூடாத வேலை அது. 'காலையில் தெளிந்ததும் ஒரு பம்ப்பில் இறைக்கிறேன், பத்து மணிக்குள் தொடங்கிவிடுவேன்' என்று மாற்று வழியோடு சொல்லுங்கள். வெறும் மறுப்பைவிட நேரம் குறித்த மாற்றை ஏற்றுக்கொள்வது எந்த மேனேஜருக்கும் சுலபம்.

நோட்டீஸுக்குப் பச்சை வலை போட்டோ அனுப்ப வேண்டாம். வந்து பார்க்கிற அதிகாரிக்கு அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பி இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாநகராட்சிகள், உங்கள் பக்கத்துக்குரிய மழைநீர் வடிகால் பொறியாளரிடம் அந்த ஒரு பக்கப் படத்தையே பதிலாகக் கொடுங்கள். தொட்டி தோண்டி முடிக்கிற தேதியையும் எழுதுங்கள். ராஜகாலுவேயில் உங்கள் மண் படிந்த நீளத்தை அவர்கள் அனுமதியோடு நீங்களே வாரித் தருகிறோம் என்றும் எழுதலாம்.

அப்புறம், வீடியோ எடுத்த லேஅவுட்காரர்களைப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், சைட் ஹெல்மெட்டோடு வேண்டாம். உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, கால்வாய் நிறம் மாறினால் முதலில் எனக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள். கீழே என்ன ஆகிறது என்று பார்க்கிற கண் அவர்களிடம்தான் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் தொட்டி வெளியேறும் இடத்தில் ஒரு பாட்டிலும், பக்கத்தில் தேதி எழுத ஒரு மார்க்கரும் வைத்துவிடுங்கள். முதல் பாட்டில் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், படிகார அளவைச் சேர்ந்தே பார்க்கலாம்.